ஆணியில் சும்மாடு

போன மாதம் சதீஷ் போன் செய்தான். நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற ஸ்டேஷனில் இப்போது அவன்தான் பாயின்ட்ஸ்மேன், மாஸ்டருக்குக் கீழே தண்டவாளத்தில் நிற்கிற ஆள்; முன்பு நான் பார்த்த வேலை. நல்ல ஆள். வாய் அதிகம்.

“பாய், நல்லா கீறியா?”

“கீறேன். விஷயத்தச் சொல்லு.”

“எங்கள கிளாஸுக்கு இட்டுகினு போய் படம் போட்டாங்கோ பாய். ஜப்பான்ல தம்மாத்தூண்டு ஸ்டேஷனு ஒண்ணு. ஒரே ஒரு மாஸ்டரு. வெள்ளை கிளவுஸ் மாட்டிகினு சிக்னலப் பாத்து வெரல நீட்டிக் கத்துறாரு. அப்பால பிளாட்பாரத்தப் பாத்து வெரல நீட்டிக் கத்துறாரு. அங்க ஒரு ஈ காக்கா இல்ல. இனிமே நாங்களும் அப்டிதான் பண்ணணுமாம். நீயும் மாசிலாமணி சாரும் அப்பவே இதப் பண்ணினு இருந்தீங்களாமே, ஏழுமலை டிரைவரு சொன்னாரு. சங்கத்துப் பத்திரிகைக்கு எழுதிக் குடேன்.”

“எனக்கு எழுத வராது.”

“திட்ட வரும்ல? அதையே எழுது.”

போனை வைக்கப் போகிற நேரத்தில் இன்னொன்றும் சொன்னான்.

“ஸ்டேஷனுக்கு பெயின்ட் அடிச்சிட்டாங்கோ பாய். மாஸ்டர் ரூமு சொவுத்துல இருந்த ஆணி கீணி எல்லாம் புடுங்கிப் பூசி, சும்மா பளபளன்னு கீது.”

ஜப்பானைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. அந்த ஆணியைப் பற்றித் தெரியும். அதனால் எழுதுகிறேன். எழுத்துப் பிழை இருந்தால் சதீஷ் திருத்திக்கொள்ளட்டும். திருத்தும்போது நடுவில் மரியாதையைச் சேர்க்க வேண்டாம்.

நான் வண்ணாரப்பேட்டை. எங்கள் அத்தா, அதாவது அப்பா, பஜாரில் துணிக்கடை வைத்திருந்தார். நான் கடையில் உட்கார்ந்தால் துணி வாங்க வந்தவர்கள் சண்டை போட்டுவிட்டுப் போனார்கள். அதனால் ரயில்வே பரீட்சை எழுதச் சொன்னார். டிரெய்னிங்கில் சிவப்பு என்றால் நில், பச்சை என்றால் போ என்று சொல்லிக் கொடுத்தார்கள். அதற்கு மாதக்கணக்கில் எடுத்துக்கொண்டார்கள். மீதியை நான் திட்டு வாங்கிக் கற்றேன். இந்தப் பகுதி இவ்வளவுதான்.

ஸ்டேஷன் எண்ணூர் பக்கம். பெயர் போடவில்லை. போட்டால் யாராவது விசாரிக்க வருவார்கள். முன்பு வந்தவர்களே போதும்.

அந்த இடம் எப்படி இருக்கும் என்று சொல்லிவிடுகிறேன். அது தெரியாமல் மற்றது புரியாது. கடல் பக்கம் ஸ்டேஷன் கட்டடம். டிக்கெட் கொடுக்கிற ஜன்னலும் மாஸ்டர் அறையும் அதில்தான். கட்டடத்தை விட்டு இறங்கினால் முதலில் ஒரு தண்டவாளம். அது லூப் லைன். நிலக்கரி ஏற்றி வரும் கூட்ஸ் வண்டிகளை அதில் ஓரங்கட்டி நிறுத்துவார்கள். அதைத் தாண்டிக் கொஞ்சம் ஜல்லி. அப்புறம் பிளாட்பாரம். பட்டணம் போகிற லோக்கல் பிளாட்பாரத்தின் அந்தப் பக்கத்தில் வந்து நிற்கும்.

ஆக, லூப்பில் கூட்ஸ் நின்றால் ஸ்டேஷனுக்கும் பிளாட்பாரத்துக்கும் நடுவில் ஒரு கரிச்சுவர். டிக்கெட்டைக் கையில் வாங்கிக்கொண்டு அந்தச் சுவரைப் பார்த்துக்கொண்டு நிற்கலாம். சுவரைச் சுற்றிப் போக ஒரு நடைமேம்பாலம் கட்டினார்கள். ஆள் இருக்கும் முனையை விட்டுவிட்டு ஆள் இல்லாத முனையில் கட்டினார்கள். படிகள் இரும்புத் தகடு. ஏன் அங்கே கட்டினார்கள் என்று நான் பலரைக் கேட்டிருக்கிறேன். இடம் அங்கேதான் இருந்தது என்றார்கள்.

நெட்டுக்குப்பம், முகத்துவாரக்குப்பம் பெண்கள் காலையில் கரையில் ஏலம் எடுத்த மீனைக் கூடையில் வைத்து, லோக்கலில் ஏற்றி, பட்டணத்துச் சந்தைக்குக் கொண்டுபோவார்கள். தலையில் சும்மாடு, அதற்குமேல் கூடை, கூடையிலிருந்து சொட்டுகிற தண்ணீர். அந்தத் தண்ணீரும் இரும்புப் படியும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று படம் போட்டுக் காட்ட வேண்டியதில்லை. அவர்கள் நின்றுகொண்டிருக்கும் கூட்ஸ் வண்டிக்கு அடியில் நுழைந்து போனார்கள். கூடையை முதலில் தள்ளிவிட்டு, பின்னாலேயே தவழ்ந்து போவார்கள்.

கூட்ஸ் வண்டி மெல்ல நகர ஆரம்பிக்காது. இன்ஜின் இழுத்ததும் முதல் பெட்டியில் ஒரு அடி விழும். அது அடுத்த பெட்டிக்கு, அதற்கடுத்த பெட்டிக்கு என்று கடைசி வரை இடி மாதிரி ஓடும். சத்தம் காதில் விழும்போது சக்கரமும் உருள ஆரம்பித்திருக்கும். நான் அங்கே போன புதிதில் அப்படித்தான் கன்னியம்மா என்ற மீன்காரிக்கு இடது கால் போனது. அப்போதிருந்த மாஸ்டர் ‘அத்துமீறி நுழைந்தார்’ என்று ரிப்போர்ட் எழுதினார். காலைப் பற்றி எழுத அதில் கட்டம் இல்லை.

மறுநாள் காலை மற்ற பெண்கள் அதே இடத்தில் நுழைந்து போனார்கள். மீனுக்கு வேறு வழி கிடையாது.

மாசிலாமணி சார் வந்தது அதற்குப் பிறகு. தூத்துக்குடிப் பக்கத்து ஆள். ஒல்லி. அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதில்லை. கன்ட்ரோல் ஆபீஸ்காரர் போனில் கத்தினாலும், தண்டவாளத்தில் மாடு நின்றாலும், டீ வந்தாலும் ஒரே குரல். சிக்னல் பலகையில் எந்தப் பொத்தானையும் உட்கார்ந்துகொண்டு அழுத்த மாட்டார். எழுந்து நின்று, விரலை நீட்டி, யாருமில்லாத அறையில் வாய்விட்டுச் சொல்லுவார். “லூப்ல வண்டி நிக்கி. மெயின்ல ஒண்ணுமில்ல. லோக்கலுக்குச் சிக்னல் கொடுக்கேன்.” அப்புறம்தான் கை போகும்.

முதல் நாள் நான் பயந்துபோனேன்.

“யார்கிட்ட சார் பேசறீங்க?”

“என்கிட்டதான். எனக்கு மறதி உண்டு, காதர். வாய் சொன்னா காது கேக்கும். காது கேட்டா கை கொஞ்சம் நிதானிக்கும்.”

“மத்த மாஸ்டருங்க யாரும் இப்டிப் பண்ணலயே சார்.”

“அவங்களுக்கு மறதி இல்ல போலிருக்கு.”

வந்த வாரத்திலேயே பெண்கள் வண்டிக்கு அடியில் நுழையும் இடத்துக்கு இறங்கிப் போய் நின்றார். நானும் கூடப் போனேன். அபராதம் போடத்தான் வந்திருக்கிறார் என்று அவர்கள் நினைத்தார்கள். தேசம்மா முன்னால் வந்தாள். நெட்டுக்குப்பத்துக்காரி. அந்தக் கூட்டத்துக்கு வாய் அவள்தான்.

“இன்னா சார், ஃபைனா? போடு, போடு. துட்டு இல்ல. மீனா வாங்கிக்கோ. நெத்திலி கீது, காரப்பொடி கீது. வூட்ல அம்மாக்கு எது புடிக்கும்?”

“வண்டிக்கு அடியில போகக் கூடாதும்மா. பாலத்துல போங்க.”

“அப்டியா? இந்தா, இந்தக் கூடையத் தலைல வச்சிகினு நீ ஏறு. நீ அந்தாண்ட போய் எறங்கிட்டன்னா நாளைலேந்து நாங்க பிரிட்ஜி மேல போறோம். இன்னாடி சொல்றீங்கோ?”

எல்லோரும் சிரித்தார்கள். மாசிலாமணி சார் சிரிக்கவில்லை. தொப்பியைக் கழற்றி என்னிடம் கொடுத்தார். அவள் தலையிலிருந்த சும்மாட்டை வாங்கித் தன் தலையில் வைத்தார். கூடையைத் தூக்கிவிடச் சொன்னார். நிஜமாகவே ஏறினார். பாதிப் படியில் கால் வழுக்கி உட்கார்ந்துவிட்டார். கூடையை விடவில்லை. வெள்ளைச் சட்டை முழுக்க மீன் தண்ணீர். கொஞ்ச நேரம் அங்கேயே உட்கார்ந்திருந்தார். அப்புறம் இறங்கி வந்து கூடையைத் தேசம்மாவிடம் கொடுத்தார்.

“சரி” என்றார்.

“இன்னா சரி?”

“அடியில போகக் கூடாதுன்னு நான் சொல்லிட்டேன். அது என் வேல. நீங்க போவீங்கன்னும் தெரியுது. அப்ப அதுக்கும் ஒரு வேல இருக்கு.”

மறுநாள் அவர் அலமாரியிலிருந்து ஒரு சிவப்புக் கொடியை எடுத்தார். ஓட்டை விழுந்து கழித்துப் போட்ட கொடி. கம்பை உருவிவிட்டுத் துணியை ஜன்னல் வழியாகத் தேசம்மாவிடம் நீட்டினார்.

“இத சும்மாடா சுத்து.”

“இன்னா சார், கட்சில சேக்கறியா எங்கள?”

“சுத்துன்னா சுத்தும்மா.”

அவள் சுற்றிக் கொடுத்தாள். ஜன்னலுக்குப் பக்கத்துச் சுவரில் ஒரு ஆணி அடித்து அதில் மாட்டினார். இரண்டரை அங்குல ஆணி. நான்தான் சுத்தியல் கொண்டுவந்தேன்.

அவர் வைத்த விதி இதுதான். ஒரு காலத்தில் ஒற்றைத் தண்டவாளத்தில் வண்டி விட ஒரு டோக்கன் கொடுப்பார்கள். அது கையில் இல்லாமல் டிரைவர் நகர மாட்டார். இது அதே வேலை. லூப்பில் கூட்ஸ் நிற்கும்போது பெண்கள் மாஸ்டர் ஜன்னலுக்கு வர வேண்டும். கூட்டத்தில் கடைசியாக நுழைகிறவள் தலையில் சிவப்புச் சும்மாடு இருக்க வேண்டும். கையில் கொடுக்க முடியாது, இரண்டு கையும் கூடைக்கு வேண்டும். அதனால்தான் சும்மாடு. அவர் அதை ஆணியிலிருந்து எடுத்துக் கொடுக்கும்போது விரலை நீட்டிச் சொல்வார்: “ஆணி காலி. லூப்ல ஆள் இருக்கு.” உடனே லூப்பின் பொத்தான்மேல் ஒரு மூடியைக் கவிழ்ப்பார். அந்தப் பக்கம் பிளாட்பாரச் சரிவில் நான் நிற்பேன். வருகிற கூடைகளைத் தூக்கிவிடுவேன். கடைசி ஆள் ஏறியதும் சிவப்புச் சும்மாட்டை என்னிடம் கொடுத்துவிட்டுத் தன் சும்மாட்டைத் தலையில் வைத்துக்கொள்வாள். நான் அதை எடுத்துக்கொண்டு நடைமேம்பாலத்தில் ஏறி இறங்கி வந்து ஆணியில் மாட்டுவேன். அவர் எழுந்து நின்று அதைச் சுட்டிக்காட்டி, “ஆணியில சும்மாடு. லூப்ல ஆள் இல்ல” என்பார். நானும் அதைத் திருப்பிச் சொல்ல வேண்டும். சத்தமாக. அப்புறம் மூடியை எடுப்பார். அப்புறம் கூட்ஸுக்கு ஸ்டார்ட்டர், அதாவது கிளம்பச் சொல்கிற சிக்னல்.

என் முட்டி தேய்ந்தது அந்தப் பாலத்தில்தான். சும்மாட்டைக் கையில் வைத்துக்கொண்டு நானும் வண்டிக்கு அடியிலேயே வந்துவிடலாமே என்று ஒரு நாள் கேட்டேன்.

“வரலாம். அப்ப உன் தலைக்கு ஒரு சும்மாடு வேணும்” என்றார்.

கூட்ஸ் டிரைவர்கள் சிரித்தார்கள். ஏழுமலை என்று ஒரு டிரைவர், தண்டையார்பேட்டை ஆள், இன்ஜினிலிருந்து தலையை நீட்டுவார்.

“இன்னா பாய், ஆத்தா பூஜை முடிஞ்சுதா? சாமி மலையேறிச்சா? நான் வண்டிய எடுக்கலாமா?”

“எடு. உன் மூஞ்சியப் பாத்துதான் ஆத்தா ஓடிட்டா” என்பேன்.

இதை நாங்கள் யாருக்கும் சொல்லவில்லை. யாரும் கேட்கவும் இல்லை. அந்த வருடங்களில் லூப்பில் ஒருவருக்கும் ஒரு நகம்கூடப் போகவில்லை. அதையும் யாரும் கவனிக்கவில்லை. நடந்த விபத்துக்கு விசாரணை உண்டு. நடக்காத விபத்துக்கு ஒரு டீ கூடக் கிடையாது.

இப்போது அந்த நாள்.

காலை. லூப்பில் ஒரு முழுக் கரி வண்டி, ரேக் என்போம், இன்ஜினில் ஏழுமலை. பெண்கள் ஜன்னலுக்கு வந்தார்கள். கடைசி ஆள் தேசம்மா. சிவப்புச் சும்மாடு அவள் தலைக்குப் போனது. பாதிப் பேர் நுழைவதற்குள் லோக்கல் வருகிற சத்தம் கேட்டது. மற்றவர்கள் வழக்கமான இடத்தில் நுழைந்து சரிவில் ஏறினார்கள். ஒரு வயதான அம்மாவின் கூடை கவிழ்ந்து ஜல்லியில் மீன் கொட்டியது. நான் அள்ளிப் போட்டுக்கொண்டிருந்தேன். லோக்கல் வந்தது, நின்றது, போனது. சரிவில் நான் மட்டும் நிற்கிறேன். கையில் சும்மாடு இல்லை.

பாலத்தில் ஓடி வந்தேன்.

“சார், சும்மாடு வரல.”

“தேசம்மா?”

“நான் பாக்கல சார். வண்டி ஏறிட்டாளா, கீய கீறாளா, தெர்ல.”

அவர் ஆணியைப் பார்த்தார். விரலை நீட்டினார். “ஆணி காலி. லூப்ல ஆள் இருக்கு” என்றார். நாற்காலியில் உட்கார்ந்தார். அவர் உட்கார்ந்தால் எந்தப் பொத்தானும் அழுத்தப்படாது என்று அர்த்தம்.

“போய்ப் பாத்துட்டு வா, காதர். பெட்டி பெட்டியா.”

இன்ஜினிலிருந்து கடைசி வரை குனிந்து குனிந்து பார்த்தேன். கரித்தூள், சக்கரம், ஒரு நாய். திரும்பி வந்து யாரும் இல்லை என்றேன்.

“நீ பாத்தப்ப இல்ல” என்றார்.

தேசம்மாவிடம் செல்போன் உண்டு. பிளாஸ்டிக் பையில் சுற்றி இடுப்பில் செருகியிருப்பாள். மாசிலாமணி சார் அந்த நம்பருக்குப் போட்டார். மணி அடித்தது. எடுக்கவில்லை. மறுபடி போட்டார். “நான் அடிச்சுக்கிட்டே இருக்கேன். நீ வண்டி ஓரமா நடந்து கேளு” என்றார். அவள் போனில் ஒரு குத்துப்பாட்டு வைத்திருந்தாள், ஊருக்கே கேட்கும். நான் அந்த ரேக்கின் நீளம் முழுக்கக் காதைத் தீட்டிக்கொண்டு நடந்தேன். ஒரு பெண் வண்டிக்கு அடியில் செத்துக் கிடக்கிறாளா என்று தெரிந்துகொள்ளக் குத்துப்பாட்டு கேட்கிறதா என்று காது கொடுத்துக்கொண்டு போனவன் இந்த ரயில்வேயில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். கேட்கவில்லை.

ஏழுமலை இன்ஜினிலிருந்து கத்தினார். “யோவ் பாய், இன்னாய்யா பேஜாரு? எம்மா நேரம்?”

“தேசம்மா வரல.”

அவர் தலையை உள்ளே இழுத்துக்கொண்டார். அன்று அதற்கப்புறம் கத்தவில்லை.

கன்ட்ரோல் ஆபீஸ் போன் அடித்துக்கொண்டே இருந்தது. நான் கேட்டது மாசிலாமணி சாரின் பாதிப் பேச்சை மட்டும்.

“வண்டி ரெடி சார்... சிக்னலும் ரெடி... ஒரு ஆள் கணக்குல வரல... ஸ்டாஃப் இல்ல சார், மீன்காரம்மா... தேசம்மா... அடையாளமா? தலையில சிவப்புச் சும்மாடு இருக்கும்... சும்மாடு சார். சு. ம். மா. டு... இல்ல சார், நான் குடிக்கதில்ல.”

பின்னால் வந்த கரி வண்டிகள் ஒவ்வொரு ஸ்டேஷனிலும் நிற்க ஆரம்பித்தன. வேறு வேறு அதிகாரிகள் போனில் வந்தார்கள். ஒருவர் வேலையை விட்டே தூக்கிவிடுவேன் என்றார். மாசிலாமணி சார், “சரி சார்” என்றார். சிக்னல் கொடுங்கள் என்று அவர் சொன்னபோதும் அதே குரலில், “ஆணி காலி சார்” என்றார்.

அதற்கு நடுவில் அவர் வரிசையாக அடுத்தடுத்த ஸ்டேஷன்களுக்குப் போன் செய்தார். இந்த லோக்கலில் மீன்கூடைப் பெட்டியைப் பாருங்கள், தலையில் சிவப்புச் சும்மாடு இருக்கிற அம்மாவை இறக்குங்கள். முதல் ஸ்டேஷனில் வண்டி போய்விட்டது. அடுத்ததில் சிரித்துவிட்டு வைத்தார்கள். கடைசியில் சந்தை ஸ்டேஷன் மாஸ்டர் ஒரு போர்ட்டரை அனுப்பினார். பெண்கள் வண்டியிலிருந்து இறங்கிப் பிளாட்பாரத்தில் நடந்துகொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருத்தி தலையில் கூடை, கூடைக்கு அடியில் சிவப்பு.

தேசம்மாதான். லோக்கல் வந்துவிட்டதைப் பார்த்து, வழக்கமான இடத்தை விட்டுவிட்டு நாலு பெட்டி தள்ளி நுழைந்து, அந்தப் பக்கம் வெளியே வந்து, நேராக லோக்கலில் ஏறிவிட்டாள். வண்டியில் கூடையை இறக்கக்கூட இடமில்லை. தலையிலேயே வைத்துக்கொண்டு போயிருக்கிறாள். இரண்டு கையும் கூடையில், இடுப்பில் அடித்த போனை எடுக்க முடியவில்லை.

விஷயம் இவ்வளவுதானே, இனி சிக்னல் கொடுக்கலாமே என்று நான் நினைத்தேன். மாசிலாமணி சார் போனை வைக்கவில்லை.

“சும்மாடு உங்க கையில இருக்கா? போர்ட்டர் கையில வேண்டாம், உங்க கையில... சரி. இருக்குன்னு சொல்லி ஒரு பிரைவேட் நம்பர் கொடுங்க.”

வெளியார் படித்தால் தெரியாது. ஒரு மாஸ்டர் இன்னொரு மாஸ்டருக்குச் சொல்வதை உறுதி செய்ய இந்த ரகசிய நம்பர் கொடுப்பது வழக்கம். வண்டிக்குக் கொடுப்பார்கள். சும்மாட்டுக்கு யாரும் கொடுத்ததில்லை. சந்தை ஸ்டேஷன் மாஸ்டர் கொடுத்தார். மாசிலாமணி சார் எழுதிக்கொண்டு, எழுந்து நின்று, ஆணியை நோக்கி விரலை நீட்டினார். “ஆணி காலி. சும்மாடு சந்தை ஸ்டேஷன்ல. லூப்ல ஆள் இல்ல.” நான் திருப்பிச் சொன்னேன். வண்டி போனது.

விசாரணைக்கு ஒரு அதிகாரி வந்தார். கெட்ட மனிதர் என்று சொல்ல மாட்டேன். சொல்ல ஆசைதான்.

“அன்றைக்கு வண்டிக்கு அடியில யாரும் இல்லதானே?”

“இல்ல சார்” என்றார் மாசிலாமணி சார்.

“அப்புறம் ஏன் நிறுத்தினீங்க?”

“இல்லங்கறது அப்புறந்தான் தெரிஞ்சுது.”

“தண்டவாளத்துல நுழையறது குற்றம். நீங்க குற்றம் பண்றவங்களுக்கு வரிசை போட்டு, டோக்கன் குடுத்து, உள்ள அனுப்பியிருக்கீங்க. இது யார் குடுத்த அனுமதி?”

“யாரும் கொடுக்கல சார்.”

“சிக்னல் கோளாறுன்னு அன்னைக்கே ஒரு வார்த்தை சொல்லியிருந்தா நான் வந்திருக்கவே மாட்டேன்.”

“சிக்னல் நல்லா இருந்துச்சு சார்.”

 அதிகாரி சந்தை ஸ்டேஷனிலிருந்து வந்திருந்த சிவப்புச் சும்மாட்டை ஒரு உறையில் போட்டு, ஒட்டி, அரக்கு வைத்து எடுத்துக்கொண்டு போனார். சாட்சியமாம். இன்றைக்கும் ஏதோ ஒரு பீரோவில் மீன் நாற்றம் அடித்துக்கொண்டிருக்கும்.

மாசிலாமணி சாரை ஆந்திர எல்லைப் பக்கம் மாற்றினார்கள். லூப் ஓரமாக இரும்புக் கம்பி வேலி போட்டார்கள். ஆணியைப் பார்த்து வண்டி விடக் கூடாது என்று ஆர்டர் வந்தது. வார்த்தைக்கு வார்த்தை அப்படி இல்லை, ஆனால் அதுதான் பொருள்.

அவர் கிளம்புகிற நாள் தேசம்மா வந்தாள். ஜன்னலுக்கு வெளியே நின்றாள்.  

“சார், தலைல வச்சிகினே மறந்துட்டேன் சார். கண்ணு முன்னாடி கீறத பாக்கலாம். தலைமேல கீறத எவ சார் பாப்பா? நான் வேணா அந்த ஆபீசராண்ட வந்து, எல்லாம் எம்மேல தப்புன்னு சொல்லிடறேன்.”

“உன் மேல தப்பு இருக்கு. ஆனா சும்மாடு சரியா வேல செஞ்சுது. அது வரலன்னா வண்டி போகக் கூடாது. போகல.”

“அதுக்குப் போயி உன்ன தூக்கி அடிச்சிட்டாங்களே.”

“அடுத்த தடவ மறக்காத” என்றார். பெட்டியை எடுத்துக்கொண்டு நடைமேம்பாலத்தில் ஏறினார். அன்று லூப்பில் வண்டி எதுவும் இல்லை. நேராகவே தாண்டிப் போயிருக்கலாம்.

புதிதாக வந்தவர் விக்னேஷ் என்று ஒரு இளம் மாஸ்டர். ஆர்டரைப் படித்துவிட்டு வந்திருந்தார். வேலி போட்ட சில நாளிலேயே குப்பத்துக்காரர்கள் ஒரு கம்பியை வளைத்து வழி செய்துவிட்டார்கள் என்று அவரிடம் சொன்னேன். போலீஸுக்கு எழுதுகிறேன் என்றார். எழுதினார். கம்பி வளைந்தே இருந்தது.

அப்புறம் ஒரு காலை. லூப்பில் கரி ரேக். இன்ஜினில் ஏழுமலை. ஜன்னலுக்கு யாரும் போகவில்லை, போகக் கூடாதே. நான் என் வழக்கப்படி பிளாட்பாரச் சரிவில் நின்றேன். அங்கே நிற்கக் கூடாது என்று ஆர்டரில் இல்லை. பெண்கள் வளைந்த கம்பி வழியாக வந்து ஒவ்வொருவராக நுழைந்து வெளியே வருகிறார்கள். ஸ்டேஷன் பக்கத்திலிருந்து இதைப் பார்க்க முடியாது. நடுவில் கரிச்சுவர்.

இன்னும் ஒருத்தி பாக்கி. லூப் ஸ்டார்ட்டர் சிவப்பிலிருந்து மாறியது.

வாக்கி-டாக்கியைப் பிடுங்கி வாய்க்குக் கொண்டுபோனேன். நான் பேசுவதற்குள் அதிலிருந்து ஏழுமலையின் குரல் வந்தது.

“மாஸ்டர், சிக்னலப் பாத்துட்டேன். சும்மாடு வந்துச்சா?”

 விக்னேஷ், “என்ன வந்துச்சா?” என்றார்.

“சும்மாடு சார். அது வராம நான் வண்டி எடுக்கறதில்ல.”

“சிக்னல் குடுத்தாச்சு டிரைவர். எடுங்க.”

“சிக்னல் நல்லாத்தான் கீது சார். சும்மாடு வந்துச்சா?”

“வரல” என்றேன் நான். “ஒரு ஆளு பாக்கி. கீய கீறா.”

சக்கரங்களுக்கு நடுவிலிருந்து முதலில் ஒரு கூடை வந்தது. அப்புறம் தேசம்மா வந்தாள். முழங்காலில் கரியைத் தட்டிக்கொண்டு சரிவில் ஏறினாள். மடியிலிருந்து சேலைக் கிழிசலில் சுற்றிய ஒரு சும்மாட்டை எடுத்து என் கையில் வைத்தாள்.

“இந்தா பாய். கொடிய உங்காளுங்க புடிச்சிகினு பூட்டாங்கோ. செவப்பு கெடைக்கல. ஆரஞ்சிதான் வூட்ல கீது. பரவாயில்லியா?”

“சும்மாடுக்கு ஆர்டர் கீது தெரியுமா? இனிமே கூடாதாம்.”

“ஆர்டரு உனக்குதான? எனக்கு சாரு மறக்காதன்னாரு. நான் மறக்கல.”

பாலத்தில் ஏறி இறங்கி மாஸ்டர் அறைக்குப் போனேன். விக்னேஷ் நாற்காலியை விட்டு எழுந்து நின்றிருந்தார்.  ஸ்டார்ட்டரைத் திரும்பச் சிவப்பாக்கியிருந்தார்.  ஆரஞ்சுச் சும்மாட்டை ஆணியில் மாட்டினேன்.

அவர் அதையே பார்த்தார். விரல் பாதிதான் எழுந்தது.

“ஆணியில... சும்மாடு.”

“சத்தமா சொல்லுங்க சார். ஏழுமலைக்குக் கேக்கணும்.”

வாக்கி-டாக்கியை எடுத்து முழுதாகச் சொன்னார். நான் திருப்பிச் சொன்னேன். அவர் மறுபடி சிக்னல் கொடுத்தார். ஏழுமலை இன்ஜின் விசிலை அடித்தார். முதல் பெட்டியில் விழுந்த அடி கடைசிப் பெட்டி வரை இடித்துக்கொண்டு ஓடியது. அதன் அடியில் யாரும் இல்லை.

அதற்குப் பிறகு வந்த ஒவ்வொரு மாஸ்டரும் ஆர்டரைப் படித்துவிட்டுத்தான் வந்தார்கள். ஒருவரும் ஆணியைப் பிடுங்கவில்லை. ஓய்வு பெறுகிற வரை நான் மாட்டிக்கொண்டே இருந்தேன். ஆரஞ்சு கிழிந்தது, பச்சை வந்தது, பூப்போட்டது வந்தது. தேசம்மா மறக்கவில்லை. பாலத்துக்கு லிஃப்ட் வைக்கிறோம் என்றார்கள். குழி தோண்டினார்கள். குழியில் மழைத் தண்ணீர் நிற்கிறது.

வகுப்பு எடுக்கிறவர்களுக்கு ஒன்று சொல்கிறேன். விரலை நீட்டச் சொல்லிக் கொடுத்திருக்கிறீர்கள், நல்லது. அந்த ஜப்பான் மாஸ்டர் ஆளில்லாத பிளாட்பாரத்தைச் சுட்டிக்காட்டுகிறார் என்று சதீஷ் சிரித்தான். ஆள் இல்லை என்று அவர் பார்த்துச் சொல்கிறார். எங்கள் ஸ்டேஷனில் லூப்புக்கு அடியில் ஆள் இல்லை என்று எதைப் பார்த்துச் சொல்வான் சதீஷ்? பளபளக்கிற சுவரையா?

சதீஷ், கரி வண்டி இன்னும் அங்கே நிற்கிறது என்று தெரியும். இப்போது மீன்காரிகள் மட்டும் இல்லை, காலேஜ் பெண்களும் கம்பெனி ஆட்களும் அடியில் நுழைகிறார்கள் என்றும் தெரியும். இரண்டரை அங்குல ஆணி வாங்கிவிட்டேன். சுத்தியல் வீட்டில் இருக்கிறது. வெள்ளிக்கிழமை ஜும்மா முடித்துவிட்டு வருகிறேன். நீ தேசம்மாவுக்குச் சொல்லி வை. சுவரில் ஓட்டை போட யாரிடமும் அனுமதி கேட்டு வைக்காதே.